ஜெப நேரத்தில் வாய் திறக்காத மகன்

கேள்வி:

அக்கா, ஸ்தோத்திரம். நாங்கள் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் ஒரு கிராமம். சி.எஸ்.ஐ. சபை. வீட்டில் நான், என் கணவர், மாமியார், பிளஸ் டூ படிக்கும் மகன், ஏழாம் வகுப்பு படிக்கும் மகள். கணவருக்குக் கூட்டுறவு சங்கத்தில் வேலை. கொஞ்சம் வாழையும் போடுகிறோம். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் ராத்திரி எட்டு மணி குடும்ப ஜெபம் நின்றதே இல்லை. ஒரு பாட்டு, ஓர் அதிகாரம், அப்புறம் எல்லோரும் வரிசையாக ஜெபம் பண்ணுவோம். முக்கால் மணி நேரம் ஆகும்.

மகன் டியூஷன் முடிந்து வர ஒன்பதேகால் ஆகிறது என்று ஜெபத்தை ஒன்பதரைக்கு மாற்றினோம். வந்து உட்காருகிறான். ஆனால் ஜூலை மாதத்திலிருந்து அவன் முறை வந்தால் வாய் திறப்பதில்லை. "நீங்க பண்ணுங்க" என்கிறான். ஞாயிறு காலையில் நீட் பயிற்சி மையத்தில் தேர்வு வைப்பதால் கோயிலுக்கும் வருவதில்லை. என் கணவருக்கு ஆத்திரம். தினமும் அவன் பேரைச் சொல்லி, "இந்தப் பிள்ளையின் கல்லான இருதயத்தை எடுத்துப்போடும் ஆண்டவரே" என்று சத்தமாக ஜெபிக்கிறார். மாமியார், "நாலு தலைமுறையா நிக்காத ஜெபத்தைப் படிப்பு வந்து நிறுத்துது" என்கிறார். சின்னவள், "அண்ணனுக்கு மட்டும் லீவா?" என்று கேட்கிறாள்.

2023 வெள்ளத்தில் எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். வாழை எல்லாம் போனது, அவனுடைய பத்தாம் வகுப்புப் புத்தகங்கள் போயின, அவனுக்கு ஓய்வுநாள் பாடசாலை எடுத்த தாத்தா ஒருவரும் சுவர் இடிந்து இறந்துபோனார். அப்போதுகூட மொட்டை மாடியில் உட்கார்ந்து ஜெபித்தோம். ஆண்டவர் எங்களைக் காத்ததைப் புத்தாண்டு ஆராதனையில் என் கணவர் சாட்சியாகச் சொன்னார். அப்படிப்பட்ட வீட்டில் இப்படி நடக்கிறது.

பரீட்சை முடியும்வரை அவனை ஜெபத்திலிருந்து விட்டுவிடலாமா? விட்டால் திரும்பி வருவானா? ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து காலம் வரப்போகிறது. நாங்கள் கறி மீன் எடுக்கமாட்டோம். அவனையும் உபவாசம் இருக்கச் சொல்லலாமா? எனக்குள் ஒரு பயம் இருக்கிறது அக்கா. என் ஜெபத்தில் ஏதாவது குறையா?

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஜெப நேரத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். டியூஷன் நேரம், கோயில் நேரம், மாமியார் சொன்னது, சின்னவள் கேட்டது எல்லாம் இருக்கிறது. அந்தத் தாத்தாவைப் பற்றி மட்டும் அரை வரிதான். வாழை, புத்தகம், அப்புறம் தாத்தா. நான் அந்த அரை வரியிலேயே நின்றுவிட்டேன்.

அந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2023 டிசம்பர் 17, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆலயங்களில், கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் அட்வெந்து காலத்தின் மூன்றாம் வாரம். கேரல் பாடக் குழுக்கள் தயாராக இருந்த வாரம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைக்கும் மழையைவிட அது அதிகம். தாமிரபரணி எந்தத் தெரு, எந்த வயல் என்று பார்க்காமல் ஓடியது. அப்போது உங்கள் மகனுக்குப் பதினைந்து வயது இருக்கும். மொட்டை மாடியில் உட்கார்ந்து, பெரியவர்கள் ஜெபிப்பதைக் கேட்டுக்கொண்டு, அவனும் ஜெபித்திருப்பான். யாருக்காக ஜெபித்தான் என்று நீங்கள் கேட்டதுண்டா? தன் வீட்டுக்காக மட்டும் ஜெபித்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. ஞாயிறுதோறும் தனக்கு வசனம் சொல்லிக் கொடுத்தவர் அதே ஊரில்தான் இருக்கிறார் என்பது அவனுக்குத் தெரியும்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து அவனுடைய அப்பா சபைக்கு முன்னால் நின்று, நாங்கள் ஜெபித்தோம், ஆண்டவர் காப்பாற்றினார் என்று சாட்சி சொல்கிறார். அது உண்மையான நன்றி. அதில் ஒரு குறையும் நான் சொல்லமாட்டேன். ஆனால் பதினைந்து வயதுப் பையன் அந்தச் சாட்சியைக் கேட்கும்போது அவன் மனதில் அடுத்த கேள்வி தானாக வரும். அப்படியானால் தாத்தா ஜெபிக்கவில்லையா? எங்களைவிட நன்றாக ஜெபிக்கத் தெரிந்தவர் அவர்தானே? இதை அவன் யாரிடமும் கேட்டிருக்க மாட்டான். நம் வீடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளைக்கு, "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்பதுதான் கிடைக்கும் பதில்.

இது என் ஊகம்தான். உங்கள் மகனை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஆலோசகராக இருபத்தாறு வருடம் உட்கார்ந்து கேட்டதில் ஒன்று தெரியும். ஜெபத்தை வெறுக்கிற பிள்ளை அந்த நேரத்துக்கு வெளியே போகக் காரணம் தேடும். உங்கள் மகன் டியூஷன் முடிந்து களைத்து வந்தும் உட்காருகிறான். வாய் மட்டும்தான் திறக்கவில்லை. பொய்யாக ஒரு ஜெபம் சொல்லிவிட்டு எழுந்து போவது அவனுக்கு எவ்வளவு எளிது! அதைச் செய்யாமல் இருக்கிறானே, அதை நான் அவிசுவாசம் என்று சொல்லமாட்டேன். தெரியாததைத் தெரிந்ததுபோல் ஆண்டவரிடம் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

அடுத்தது கொஞ்சம் கடினமான விஷயம். உங்கள் கணவரிடம் இந்தப் பகுதியை நீங்களே வாசித்துக் காட்டினாலும் சரி.

மகன் காது கேட்க, "இவன் கல்லான இருதயத்தை எடுத்துப்போடும்" என்று சொல்வது ஜெபம் இல்லை. அது திட்டு. ஆண்டவரை நடுவில் வைத்துத் திட்டுவது. அப்பா நேராகத் திட்டினால் பிள்ளை பதில் சொல்லலாம், முறைக்கலாம், எழுந்து போகலாம். கண்ணை மூடி, கை கூப்பி உட்கார்ந்திருக்கும்போது திட்டினால் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆமென் வேறு சொல்ல வேண்டும். தனக்கு விரோதமாகத் தானே ஆமென் சொல்லவேண்டிய இடத்தில் எந்தப் பிள்ளை வாய் திறப்பான்?

நானும் இதைச் செய்திருக்கிறேன். என் மகள் பிளஸ் டூ படித்த வருடம், அவளுடைய மாதிரித் தேர்வு மதிப்பெண் குறைந்த ஒவ்வொரு ராத்திரியும், "ஆண்டவரே, என் பிள்ளைக்குப் பொறுப்பைக் கொடும்" என்று ஜெபித்தேன். நல்ல ஜெபம் என்றுதான் நினைத்தேன். வருடங்கள் கழித்து, அவளுக்கு ஒரு குழந்தை பிறந்த பிறகு சொன்னாள்: "அம்மா, அப்பல்லாம் ஜெபம்னாலே எனக்கு வயித்தைப் பிசையும். இன்னைக்கு என்ன சொல்லி மாட்டிவிடப் போறியோன்னு." நான் அன்று அழுதேன். மற்றவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருந்துகொண்டே என் வீட்டில் இதை நான் கவனிக்கவில்லை. ஆகவே உங்கள் கணவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு உரிமை இல்லை. நிறுத்தவும் இல்லை.

பிள்ளைகள் மனம் தளர்ந்துபோகும்படி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று பவுல் கொலோசெ சபைக்கு எழுதும்போது குறிப்பாகத் தகப்பன்மாரைக் கூப்பிட்டுத்தான் சொல்கிறார். அதற்கு முந்தின வசனம், பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது. நம் வீடுகளில் அந்த முந்தின வசனத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். அடுத்த வசனத்தை எந்த வீட்டுச் சுவரிலும் நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டு வயதில் இயேசு எருசலேமில் தங்கிவிட்ட சம்பவம் உங்களுக்குத் தெரியும். பஸ்கா முடிந்து ஊர் திரும்பும் கூட்டத்தில் பிள்ளையைக் காணவில்லை. மூன்று நாள் கழித்துத் தேவாலயத்தில், போதகர்கள் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டும் அவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டும் இருக்கிறார். மரியாள், ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய் என்று நேராகக் கேட்கிறாள். மகன் சொன்ன பதில் அவர்களுக்குப் புரியவில்லை. இதை லூக்கா மறைக்கவில்லை, புரியவில்லை என்றே எழுதியிருக்கிறார். அப்புறம் மரியாள் இந்தச் சங்கதிகளையெல்லாம் தன் இருதயத்திலே வைத்துக்கொண்டாள் என்று வருகிறது. புரியாத மகனை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன செய்யலாம் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல இடம் வேதத்தில் தெரியாது. பயத்தை மகனிடமே நேராகச் சொன்னாள். பதில் புரியாதபோது அதைப் பத்துப் பேரிடம் கொண்டுபோகாமல் மனதில் வைத்துக்கொண்டாள்.

நீங்கள் இன்னும் மகனிடம் நேராகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். கடிதத்தில் அவன் சொன்னதாக இருப்பது "நீங்க பண்ணுங்க" என்ற இரண்டே சொல்தான்.

கேட்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஜெப நேரத்தில் கேட்காதீர்கள். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும் வேண்டாம். டியூஷன் விட்டு வரும்போது ஒருநாள் நீங்கள் பஸ் நிறுத்தத்தில் போய் நில்லுங்கள். அங்கிருந்து வீட்டுக்கு நடந்து வரும் தூரம் போதும். பக்கத்தில் நடக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இந்த வயதுப் பையன்களுக்கு அது பெரிய உதவி. "ஏன் ஜெபம் பண்ண மாட்டேங்குற?" என்று தொடங்கவேண்டாம். "தாத்தா ஞாபகம் வருதாப்பா? எனக்கு அடிக்கடி வருது" என்று மட்டும் சொல்லுங்கள். அவன் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் அப்படியே நடந்து வாருங்கள். ஏன் ஆண்டவர் அவரைக் காக்கவில்லை என்று கேட்டுவிட்டால், உடனே பதில் தேடாதீர்கள். "எனக்கும் தெரியலைப்பா" என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். உங்கள் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வந்தால் அவன் மூச்சு விடுவான்.

மோசே உபாகமத்தில் பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொன்ன இடங்களைப் பாருங்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுத்துக்கொள்ளும்போது, எழுந்திருக்கும்போது. நான்கு சொல்லியிருக்கிறார். நாம் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, அதற்கும் ஒரு கடிகார நேரத்தைக் குறித்து, அது தவறினால் எல்லாம் போனது என்று நினைக்கிறோம்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. ஜெபத்திலிருந்து அவனை விட்டுவிடலாமா? விடவேண்டாம். ஜெபத்தைச் சின்னதாக்குங்கள். ராத்திரி ஒன்பதரை மணிக்கு, காலையிலிருந்து படித்துக் களைத்த பையனுக்கு முக்கால் மணி நேரம் அதிகம். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் அதிகம்தான். பத்து நிமிஷம் போதும். கீர்த்தனையில் ஒரு சரணம், ஒரு சங்கீதம், இரண்டு நிமிஷம் எல்லோரும் அமைதி, அப்புறம் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம். வரிசையாக ஜெபிக்கும் வழக்கத்தை மே மாதம் வரை எல்லோருக்கும் நிறுத்திவையுங்கள். அவனுக்கு மட்டும் என்றால் சின்னவள் கேட்ட கேள்வி நியாயமாகிவிடும். உங்கள் மாமியாருக்கு நீண்ட ஜெபம் வேண்டும். அவர்களுடைய எட்டு மணியை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். நீங்களும் சின்னவளும் அவர்களோடு உட்காரலாம். நாலு தலைமுறை ஜெபம் அதே நேரத்தில், அதே இடத்தில் நடக்கும். அவர்கள் மனம் நோகாது.

சங்கீதம் என்று சொன்னேனே, எந்தச் சங்கீதம் என்பதும் முக்கியம். 23-ம் 91-ம் நமக்கு மனப்பாடம். அவற்றைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவைத்து 69-ஐ எடுங்கள். "தேவனே, என்னை இரட்சியும்; வெள்ளங்கள் என் ஆத்துமாமட்டும் பெருகிவருகிறது" என்று தொடங்குகிறது. அடுத்த வசனத்தில் சேறு வருகிறது, நிற்க நிலையில்லை என்று வருகிறது. அந்த டிசம்பரில் வீட்டுக்குள்ளிருந்து சேற்றை வாரியவர்களுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். 13-ம் சங்கீதம், எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று ஆண்டவரையே கேட்கிறது. 88-ம் சங்கீதம் இருளிலேயே முடிந்துவிடுகிறது, கடைசியில் ஒரு துதிகூடக் கிடையாது. அப்படியும் அது வேதத்தில் இருக்கிறது. தன் கேள்வி வேதப்புத்தகத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்று உங்கள் மகனுக்கு யாரும் இதுவரை காட்டவில்லை என்று நினைக்கிறேன். விளக்கம் சொல்லாமல், வாசித்துவிட்டு மூடிவையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சி மையத்தில் சேர்த்தது யார்? ஞாயிறு காலையில் தேர்வு என்று தெரிந்தே பணம் கட்டியிருப்பீர்கள். நாமே ஒரு கையால் கட்டணத்தைக் கட்டிவிட்டு, இன்னொரு கையால் கோயிலுக்கு ஏன் வரவில்லை என்று பிள்ளையை இழுக்கிறோம். அவன் நடுவில் நிற்கிறான். 2023, 2024, 2025 மூன்று வருடமும் நீட் தேர்வே மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைதான் நடந்தது. அந்தத் தேர்வை எழுதவேண்டும் என்று குடும்பமாக முடிவெடுத்தால், இந்தச் சில மாத ஞாயிறுகள் இடறும் என்பதும் அந்த முடிவோடு சேர்ந்ததுதான். அந்தப் பாரத்தை அவன் மேல் மட்டும் வைக்காதீர்கள். பக்கத்து சபைகளில் எங்காவது அதிகாலை ஆராதனை இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் சபைப் போதகர் ஐயரிடம் சொன்னால், சனிக்கிழமை சாயங்காலம் அவனோடு பத்து நிமிஷம் உட்கார அவரும் மறுக்கமாட்டார். இன்னொன்று, மாதத்தில் ஒரு ஞாயிறு அந்தத் தேர்வுக்குப் போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று பயிற்சி மையத்தில் கேளுங்கள். கேட்கலாம் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை.

டாக்டராகவேண்டும் என்பது அவன் ஆசையா, உங்கள் ஆசையா என்பது கடிதத்தில் இல்லை. அதையும் அந்த நடையில் ஒருநாள் கேளுங்கள்.

உங்கள் மாமியார் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஏற்கமாட்டேன். படிப்பு வந்து ஜெபத்தை நிறுத்துகிறது என்றாரே. உங்களுக்குப் பக்கத்திலேயே சாயர்புரம் இருக்கிறது. 1842-ல் அங்கே வந்த மிஷனரி ஜி.யு. போப் ஐயர் ஊழியத்தோடு பள்ளிக்கூடத்தையும் சேர்த்தே நடத்தினார். திருக்குறளையும் திருவாசகத்தையும் பிற்காலத்தில் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் அவர்தான். திருநெல்வேலிச் சீமையில் எத்தனையோ சிற்றூர்களில் ஒரே கூரைதான் இருந்தது. வார நாளில் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை கோயில். எழுதப் படிக்கத் தெரியாத நம் முப்பாட்டிகள் வேதத்தை வாசிக்கவேண்டும் என்றுதான் எழுத்துப் படித்தார்கள். படிப்பும் ஜெபமும் ஒன்றுக்கொன்று எதிரி என்ற பேச்சு நம் ஊருக்குப் புதிது. அந்தப் பையன் உயிரியல் புத்தகத்தோடு ராத்திரி உட்கார்ந்திருப்பதும் ஆண்டவருக்கு முன்னால்தான் என்று பாட்டி ஒருநாள் அவன் தலையில் கை வைத்துச் சொன்னால், அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்!

அவன் எத்தனை மணி நேரம் தூங்குகிறான்? கடிதத்தில் அதுவும் இல்லை. ஒன்பதேகாலுக்கு வீடு, ஒன்பதரைக்கு ஜெபம், பத்தேகாலுக்குச் சாப்பாடு, அப்புறம் படிப்பு என்றால் பன்னிரண்டைத் தாண்டும். காலையில் ஐந்துக்கு எழுப்புவீர்கள். இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். படித்தது மூளையில் பதிவதே தூக்கத்தில்தான். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே விழுந்து, போதும் கர்த்தாவே என்று சாகக் கேட்டபோது, தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கவிட்டான். இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னான். ஆண்டவர் அவரோடு பேசியது நாற்பது நாள் நடந்த பிறகு. முதலில் சாப்பாடு, பிறகு பத்து நிமிஷ ஜெபம், பதினொரு மணிக்கு விளக்கை அணைப்பது என்று மாற்றிப் பாருங்கள். காலையில் எழுப்புவதையும் ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள்.

அவன் சாப்பாட்டை ஒதுக்குகிறான், நண்பர்களோடு பேசுவதையும் விட்டுவிட்டான், நான் இல்லாவிட்டால் நன்றாக இருக்கும் என்கிற மாதிரி ஒரு பேச்சாவது வந்தது என்றால் என் பதிலுக்கோ பரீட்சை முடிவதற்கோ காத்திருக்கவேண்டாம். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் ஆலோசகர்கள் எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள். கட்டணம் இல்லை. மனநல மருத்துவரிடம் கூட்டிப்போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு நான் பதில் சொல்கிறேன்.

லெந்து இந்த வருடம் (2026) பிப்ரவரி 18, சாம்பல் புதனில் தொடங்குகிறது. ஈஸ்டர் எப்போதும் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில்தான் வரும். ஆகவே லெந்து மார்ச் மாதத்தைத் தொடாத வருடமே கிடையாது. நம் அரசுப் பொதுத்தேர்வும் மார்ச்சில்தான். பிளஸ் டூ பிள்ளை இருக்கும் ஒவ்வொரு கிறிஸ்தவ வீட்டிலும் இந்த இரண்டும் மோதும். லெந்து என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் வசந்தகாலம் என்று பொருள். அந்தத் தேசத்தில் பனி விலகிப் பகல் நீளும் காலம் அது. நமக்கு அது பிசான நெல் அறுப்பு, பதநீர், வெயில், பரீட்சை. காலம் ஊருக்கு ஊர் மாறும்போது அதை அனுசரிக்கும் விதமும் மாறலாம்.

பரீட்சை எழுதும் பிள்ளையை உபவாசம் இருக்கச் சொல்லாதீர்கள். அவன் முட்டையும் மீனும் சாப்பிடட்டும். பாட்டி முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவனாகக் கேட்டால் மட்டும் ஒரு சின்னக் காரியத்தை அவனே தேர்ந்தெடுக்கட்டும். நீங்களும் உங்கள் கணவரும் அந்த நாற்பது நாளும் எதை விடலாம் என்று நான் சொல்லட்டுமா? மதிப்பெண்ணைப் பற்றிய பேச்சை விடுங்கள். மாமா மகன் எத்தனை வாங்கினான், அடுத்த வீட்டுப் பெண் எந்தக் கல்லூரி என்பதையெல்லாம் சேர்த்து. கறி இல்லாமல் இருப்பதைவிட இது கஷ்டமாக இருக்கும், பாருங்கள்.

உங்கள் கணவரைப் பற்றி இன்னும் கொஞ்சம். குலை தள்ளி நின்ற வாழை ஒரே ராத்திரியில் போனது. வாழை வருடம் முழுக்கப் பார்த்துப் பார்த்து வளர்ப்பது. கடனும் இருந்திருக்கும். அவர் அதற்காக அழுதாரா? ஆண்கள் சாட்சி சொல்வார்கள், ஸ்தோத்திரக் காணிக்கை போடுவார்கள், அடுத்த கன்றை நட்டுவிடுவார்கள். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். அவர் சத்தமாக ஜெபிக்கிறார் என்று நீங்கள் எழுதியபோது, வெள்ளத்துக்கு முன்னாலும் இப்படித்தான் ஜெபித்தாரா என்று கேட்கத் தோன்றியது. அப்பாவும் மகனும் ஒரே வெள்ளத்திலிருந்து இன்னும் கரையேறாமல் இருக்கலாம். ஒருவர் சத்தமாக, ஒருவர் வாய் திறக்காமல். மகனோடு நடக்கும் முன் ஒரு ராத்திரி இவரோடு வாசலில் உட்காருங்கள். "வாழை போன அன்னைக்கு உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். அவர் மகனிடம், "எனக்கும் ஆண்டவர் மேல கோபம் வந்துச்சுடா" என்று ஒரே ஒரு தடவை சொல்ல முடிந்தால், நான் எழுதிய எல்லாவற்றையும்விட அது வேலை செய்யும்.

உங்கள் ஜெபத்தில் குறையா என்று கேட்டீர்கள். இல்லை. பிள்ளைகளின் மௌனத்தை எல்லாம் தாயின் கணக்கில் எழுதும் பழக்கம் நம் சபைகளில் இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ளாதீர்கள். விட்டால் திரும்பி வருவானா என்பதற்கு என்னால் உறுதி கொடுக்க முடியாது. திரும்பி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், வராதவர்களையும் பார்த்திருக்கிறேன். ஜெபத்தின் பெயரில் திட்டு வாங்கிக்கொண்டே வளர்ந்தவர்கள், வீட்டை விட்டுப் போன பிறகு திரும்பி வர அதிக நாள் எடுத்தார்கள். அதை மட்டும் சொல்ல முடியும்.

நோவா பேழையை விட்டு இறங்கிப் பலிபீடம் கட்டிய பிறகு ஆண்டவர் ஒன்று சொன்னார். பூமியுள்ள நாளளவும் விதைப்பும் அறுப்பும், சீதளமும் உஷ்ணமும், கோடைகாலமும் மாரிகாலமும், பகலும் இரவும் ஒழிவதில்லை என்று. அறுப்பின் பண்டிகையில் நாம் கேட்கும் வசனம். வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்த பூமியில் நின்றவர்களுக்குச் சொன்னது அது. இதை மகனிடம் கொண்டுபோய்ப் பதிலாகக் கொடுக்காதீர்கள், அவன் கேள்விக்கு இது பதில் இல்லை. உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் எழுதுகிறேன். வருகிற ஐப்பசியில் மழை இருட்டும்போது மூவருக்கும் வயிற்றில் பயம் வரும். அப்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஏதாவது வேண்டும்.

பொதுத்தேர்வு மார்ச்சோடு முடிந்துவிடும். ஈஸ்டர் ஏப்ரல் 5. அன்று ஆராதனை முடிந்ததும் தாத்தாவின் கல்லறைக்குப் போகலாமா என்று மகனைக் கேளுங்கள். வாசலில் பூத்தது எதுவானாலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நீங்கள் ஜெபிக்கவேண்டாம், அவனையும் ஜெபிக்கச் சொல்லவேண்டாம். வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாமல் நீங்கள் மட்டும் போய் வாருங்கள். எங்கேம்மா போயிருந்தே என்று அவன் கேட்டால் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா